கவிதை வகுப்பில் பெயரை முதலில் சொல்லாதீர்கள்

"எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது." வகுப்புக்குள் போனதும் கரும்பலகையில் இதை எழுதி, எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள் என்போம். பல வருடம் நானும் இதைத்தான் செய்தேன். ஆறாம் வகுப்பில் எழுதியதையே ஏழாம் வகுப்பில் திரும்ப எழுதுவார்கள், எட்டாம் வகுப்பில் கேட்டால் விழிப்பார்கள். காதில் விழாத ஒன்றுக்குப் பெயர் வைத்தால் அது மனதில் நிற்பதில்லை. கவிதைப் பாடத்தில் நடக்கும் பல தவறுகளுக்கு இதுதான் வேர்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

இந்தக் குறளை எந்த விளக்கமும் இல்லாமல் மூன்று முறை உரக்கச் சொல்ல வையுங்கள். முதல் அடியில் நான்கு சீரும், அதாவது அடியின் நான்கு துண்டுகளும், 'க'வில் தொடங்குவதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். 'கற்க', 'நிற்க' ஒரே மாதிரி கேட்குதே என்று இன்னொன்று சொல்லும். அப்போது சொல்லலாம், முதலில் சொன்னதற்குப் பெயர் மோனை, அடுத்ததற்கு எதுகை என்று. தாங்களே பார்த்த ஒன்றுக்குக் கிடைத்த பெயரைப் பிள்ளைகள் லேசில் மறப்பதில்லை.

அடுத்தது, பாதி விதியோடு நிறுத்திவிடுவது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் எதுகை ஆகிவிடாது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகை அல்ல, ஏனென்றால் ஒன்றில் நெடில், மற்றதில் குறில். இரண்டு ஜோடியையும் கைதட்டிச் சொன்னால் வித்தியாசம் தானாகவே கேட்கும்.

மோனையில் நிலைமை நேர் எதிர், அங்கே நாம் தேவைக்கு மேல் கறாராக இருக்கிறோம். 'சிட்டுக் குருவி தென்னையில் ஆடுது' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். மோனை எங்கே என்று சிவப்பு மையில் கேட்டேன். அது முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது! ச, த ஒன்றுக்கொன்று மோனையாக வரும்; இகரமும் எகரமும் அப்படியே. ஆகவே 'சி'க்குத் 'தெ' சரியான மோனை. ஞ-வுக்கு ந, ம-வுக்கு வ என்பதும் இதே கதைதான். அந்தப் பெண் இலக்கணம் தெரிந்து எழுதவில்லை, காது சொன்னதை எழுதினாள். மறுநாள் மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

உவமைப் பாடம் பெரும்பாலும் 'போல' வேட்டையாக முடிகிறது. 'மழை வரும் போலிருக்கிறது' என்ற வரியை உவமை என்று அடிக்கோடிட்ட விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை, 'போல' என்ற உருபைத் தேடச் சொன்னது நாம்தானே. எதை, எதோடு, எந்தத் தன்மையால் ஒப்பிட்டிருக்கிறது என்று மூன்றையும் கேட்டால் இந்தக் குழப்பம் வராது. மலர்முகம் (மலர் போன்ற முகம்) உவமை, முகமலர் (முகமே மலர்) உருவகம் என்ற சொல்மாற்று வித்தை தேர்வுக்கு உதவும். 'வானம் ஒரு கிழிந்த குடை' என்று புதுக்கவிதையில் வந்தால் அந்த வித்தை கைகொடுக்காது.

வடிவங்களுக்கு வருவோம். குறள் வெண்பா, ஹைக்கூ, புதுக்கவிதை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அட்டவணை போட்டு முடித்துவிடுவது வழக்கம். குறள் வெண்பாவில் நாற்சீரும் முச்சீருமாக 7 சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்று. இவ்வளவும் சரி, ஆனால் அந்த முடிவு எதற்காக? மேலே உள்ள குறளில் 'தக' என்பதைத் 'தகவே' என்று மாற்றிப் படித்துக் காட்டுங்கள். சட்டென்று நின்ற பாட்டு இழுத்துக்கொண்டு போகும். 'தக' மலர் வாய்பாடு என்பதை அப்புறம் சொன்னால் போதும். இந்த வயதில் வெண்பா எழுதச் சொல்லாதீர்கள், பிரித்துப் பார்க்கட்டும்.

ஹைக்கூவில் எழுத்தெண்ணிக்கைதான் பொறி. ஜப்பானிய மொழியில் 5-7-5 என்று எண்ணுவது ஒலியலகை: நெடிலுக்கு இரண்டு, அசையின் இறுதியில் வரும் 'ன்' ஒலிக்கும் தனியாக ஒன்று. தமிழில் நெடிலும் ஓர் எழுத்துதான். ஒலிக்கும் நேரத்தை அளக்கும் மாத்திரைக் கணக்கில் அதற்கு இரண்டு, மெய்க்கு அரை. இரண்டு கணக்கும் ஒன்றல்ல என்பதால் தமிழ் எழுத்தை எண்ணி 5-7-5 நிரப்புவதில் பயனில்லை. எண்ணிக்கைக்காக 'ஆகா' சேர்க்கப் பழகுவதுதான் மிச்சம். இரண்டு காட்சிகள் பக்கத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்:

பூட்டிய வகுப்பறை
கரும்பலகையில் பாதி அழிந்த
சூரியன்

வருத்தம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. அதைச் சேர்க்கத் துடிக்கும் கையைத்தான் தடுக்க வேண்டும்.

உரைநடை வாக்கியத்தை மூன்றாக உடைத்தால் புதுக்கவிதை என்ற நினைப்பும் உண்டு. வரி முடியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். நிறுத்தத்துக்குக் காரணம் இல்லாவிட்டால் எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, தலைப்பு. 'இயற்கை' என்று கொடுத்தால் நாற்பது பேரும் பச்சை வயலும் நீல வானமும்தான் எழுதுவார்கள். ஒருமுறை 'உன் செருப்பு தேய்ந்த இடம்' என்று கொடுத்தேன். வழக்கமாக வெற்றுத்தாள் தரும் பையன் ஒருவன் எழுதினான்:

குதிகாலில் மட்டும் ஓட்டை
நான் நடந்ததே இல்லை
ஓடித்தான் வருகிறேன்

எதுகை இல்லை, மோனைகூட 'நான் நடந்ததே' என்ற இடத்தில் தானாக விழுந்ததுதான். இன்னொரு தடவை படி என்று வகுப்பே கேட்டது.