உலர்ந்த பில்பெர்ரி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே கேக்கும் பலகாரமும் செய்து விற்கிறேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சில பெண்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். போன மாதம் அவர்களில் ஒரு தங்கச்சி, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பாக்கெட்டை நீட்டி, "அக்கா, அப்பாவோட இனிப்புநீருக்கு (சர்க்கரை வியாதிக்கு) பில்பெர்ரி வாங்கினேன்" என்றாள். திருப்பிப் பார்த்தால் அது ப்ளூபெர்ரி. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் இதே தவறை நான் 5 வருடத்துக்கு முன் என் அம்மாவுக்குச் செய்திருக்கிறேன். கழுவிப் போடு, காம்பைக் கிள்ளு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ப்ளூபெர்ரியை பில்பெர்ரி என்று வாங்குவது

இரண்டும் சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒன்றில்லை. பில்பெர்ரி வட ஐரோப்பியக் காடுகளில் தானாக வளர்வது, ஸ்வீடன், பின்லாந்து மக்கள் காட்டுக்குப் போய்ப் பறிப்பார்கள். நசுக்கினால் உள்ளேயும் கருநீலம், நாக்கும் விரலும் சாயமாகிவிடும். ப்ளூபெர்ரியோ வட அமெரிக்காவிலிருந்து வந்த தோட்டப் பயிர், தோல்தான் நீலம், சதை வெளிறிய பச்சை. அந்த நீலச் சாயமான ஆந்தோசயனின் பில்பெர்ரியில்தான் அதிகம்.

வித்தியாசம் அதோடு நின்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். கடைகளில் கிடைக்கும் உலர்ந்த ப்ளூபெர்ரியில் பெரும்பாலானது சர்க்கரை சேர்த்துக் காயவைத்தது, ஒட்டாமலிருக்க எண்ணெயும் தடவியிருப்பார்கள். அம்மாவுக்காக நான் வாங்கப் போன அன்றைக்குக் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார், நானும் நம்பி 38 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அம்மாவுக்குக் காலையும் சாயங்காலமும் ஒரு கைப்பிடி. மெத்தென்று இனித்தது, நல்ல பழம் என்று சந்தோஷப்பட்டேன். 3 வாரத்தில், 7, 8 மில்லிமோல் என்று இருந்த காலை ரத்தச் சர்க்கரை 11-ஐத் தாண்டியது. புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டபோது, "என் மகள் மருந்துப் பழம் தர்றா" என்று அம்மா பெருமையாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பாக்கெட்டின் பின்னால் 'ரமுவான்' (சேர்மானப் பொருள்கள்) என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். இரண்டாவதாகவே 'குலா' (சர்க்கரை) வந்தால் இனிப்புநீர்க்காரர் வீட்டுக்கு அது வேண்டாம். வாக்சினியம் மிர்டில்லஸ் என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுதான் பில்பெர்ரி. சர்க்கரை சேராத பில்பெர்ரி சிறியதாக, சுருங்கி, கடினமாக, புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். பளபளவென்று ஒட்டிக்கொண்டு இனித்தால் சந்தேகப்படுங்கள். சரியான பழமே கிடைத்தாலும் அது மாத்திரைக்குப் பதிலாகாது.

மாவில் ஆப்ப சோடாவை அள்ளிப் போடுவது

ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா மாதிரியான காரத்தன்மையில் நீலமாகிப் பச்சையடிக்கும். சோடா கூடினால் கேக் பாசி படிந்த மாதிரி ஆகிவிடும், அதை யார் வாங்குவார்? பழத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, சோடாவைக் குறைத்துத் தயிர் சேர்த்துப் பாருங்கள். ஊறிய நீரையும் கொட்டாதீர்கள். ஸ்வீடனில் இந்தப் பழத்தை உருளைக்கிழங்கு மாவு போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள், 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் ஓடுகிறவர்களுக்கு வழியில் கொடுப்பது அதைத்தான். நான் அந்த நீரைக் கேழ்வரகுக் கூழில் கலக்கிறேன், புளிப்பு நன்றாகச் சேர்கிறது.

மலச்சிக்கலுக்குக் கொடுப்பது

தலைகீழ். உலர்ந்த பழத்தின் துவர்ப்பு வயிற்றைக் கட்டும், ஐரோப்பாவில் லேசான வயிற்றுப்போக்குக்குத்தான் காலம்காலமாகக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள்.

இருட்டிலும் கண் தெரியும் என்று நம்புவது

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் சாப்பிட்டு இரவில் பறந்தார்கள் என்ற கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. நல்ல முறையில் சோதித்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள்

டாக்டரைக் கேட்காமல் தினமும் சாப்பிடக் கூடாது.

திறந்த பாக்கெட்டை அலமாரியில் வைப்பது

நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடி, அப்புறம் ஐஸ்பெட்டி.