வீட்டுக்கும் ஒரு டியூட்டி கொப்பி

வயதான பெற்றோரைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்க்கிறீர்களா? ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி மாறும்போது தாதிமார் எழுதிக் கொடுப்பதுபோல, கட்டிலருகே ஒரு கொப்பி வையுங்கள். ‘இரவு 8 மணி, பிரஷர் குளிசை குடுத்தாச்சு. இடியப்பம் இரண்டுதான் சாப்பிட்டவ.’ இவ்வளவு போதும்.

தம்பி திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிறகு நிலாவெளியிலிருந்து அக்கா வந்து சேர்ந்தாலும் அவனுக்குக் கோல் எடுக்கத் தேவையில்லை. வாயால் சொன்னது அவசரத்தில் மறந்துபோகும். ஒரே குளிசையை இரண்டு தடவை கொடுப்பது அப்படித்தான் நடக்கிறது. யார் எத்தனை நாள் வந்தார் என்ற கணக்கை மட்டும் எழுதாதீர்கள், கொப்பி சண்டைக்குச் சாட்சியாகிவிடும்.

ஒருவரே முழுநேரமும் பார்க்கும் வீட்டில் இது பெரும்பாலும் வீண்வேலை. திடீரென்று மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.