உங்கள் சம்பளம் நியாயமானதுதானா? வேலைக்குச் செல்லும் பெண்கள் அதைத் தெரிந்துகொள்ளும் வழிகள்

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூச்சமின்றிக் கேட்டு, சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்க்கும் நம் ஊரில், பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவருக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்பது மட்டும் அநாகரிகமாகக் கருதப்படுகிறது. இந்த மௌனத்தால் அதிகம் இழப்பவர்கள் பெண்கள்தான். தனக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதே தெரியாதவர் எந்தச் சட்டத்தையும் துணைக்கு அழைக்க முடியாது. சம்பளத்தைக் கேட்டறியவும், சரியாக ஒப்பிடவும், குறைவாக இருந்தால் அதை எழுப்பவும் ஒரு முறை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் செய்தால் எந்த வேலையில் இருப்பவருக்கும் அது கைகூடும்.

முதலில் உங்கள் சம்பளத்தை நீங்களே பிரித்துப் பாருங்கள். தனியார் நிறுவனங்கள் சொல்லும் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் செலவு) என்னும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருவருக்கும் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய். பெண்ணின் சி.டி.சி. ஆண்டுக்கு 6 லட்சம். அதில் 60,000 ரூபாய் வேலைத்திறனைப் பொறுத்துத் தரப்படும் தொகை. ஆணுக்கு 5 லட்சத்து 70 ஆயிரம். அப்படிப்பட்ட நிபந்தனைத் தொகை எதுவும் இல்லை. இருவருடைய கணக்கிலிருந்தும் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும், பணிக்கொடைக்கென ஒதுக்கும் 4.81 சதவீதமும், ஊழியரின் வைப்பு நிதிப் பங்கான இன்னொரு 12 சதவீதமும் கழிந்தால், வரிகளுக்கு முன் பெண்ணின் கையில் மாதம் சுமார் 37,800 ரூபாயும், ஆணின் கையில் சுமார் 40,300 ரூபாயும் வரும். ஆண்டு முடிவில் அந்த 60,000 ரூபாயில் பாதிக்கு மேல் வந்தால்தான் பெண்ணின் சம்பளம் அதிகம் என்று சொல்ல முடியும். ஆகவே அடிப்படைச் சம்பளம், உறுதியான மாதத் தொகை, நிபந்தனைக்கு உட்பட்ட தொகை, பிடித்தங்கள் என்று நான்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடையும் வைப்பு நிதியும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், அதைக் குறைத்து மற்ற படிகளை ஏற்றிக் காட்டும் சம்பளம் பிற்காலத்தில் நமக்கு நட்டம்.

அடுத்தது, யாரோடு ஒப்பிடுவது என்பது. இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் சம்பள வேறுபாடு பெரும்பாலும் பதவிப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆணைப் பெரியாள் என்றும் பெண்ணைச் சித்தாள் என்றும் பதிந்து, கூலியை அதன்படியே குறைக்கிறார்கள். அலுவலகத்திலும் இது நடந்திருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தர்களைவிடத் தமக்குக் குறைவாகத் தரப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். பெண் சுருக்கெழுத்தர்கள் தனிப்பிரிவு, தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படியே கொடுத்தோம், நிறுவனத்தின் நிதிநிலை இடம் கொடுக்கவில்லை என்றெல்லாம் நிர்வாகம் வாதிட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. ஆகவே பதவிப் பெயரை விட்டுவிட்டு, தேவைப்படும் திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் ஒரே தன்மையுள்ள வேலை எது என்பதை இவற்றைக் கொண்டே வரையறுக்கிறது.

எந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும். அரசுப் பணியில் ஊதிய விகிதம் அரசாணையிலேயே இருப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வெளிப்படைத்தன்மையின் வலிமைக்குத் தமிழ்நாட்டின் இடைநிலை ஆசிரியர்கள் நல்ல சான்று. 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டதை எல்லோராலும் பார்க்க முடிந்தது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட அந்த இரண்டு எண்களே அடிப்படையாயின. இந்தச் சிக்கலுக்கும் ஆண், பெண் என்ற பேதத்துக்கும் தொடர்பில்லை என்றாலும், எண் கையில் இருந்தால் கோரிக்கைக்கு எத்தகைய உறுதி கிடைக்கும் என்பதை இது காட்டுகிறது. தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் செவிலியர்களும் தனியார் பள்ளி ஆசிரியைகளும் இந்த அரசு விகிதத்தையே அளவுகோலாக வைத்து ஒப்பிடலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் ஒரு டஜனுக்கு என்ன விலை என்பதையும், ஷிப்ட் கணக்கில் இருப்பவர்கள் ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். செக்கிங், கைமடி, அடுக்குதல் போன்ற வேலைகளில் பெண்களே நிறைந்திருப்பதால் ஒப்பிட ஆண் இல்லை என்று தோன்றலாம். அப்போது மெஷினில் உட்கார்பவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் திறனால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று பாருங்கள். மெஷின் பழகும் வாய்ப்பையே கேட்டுப் பெறுவது சில வேளைகளில் கூலி உயர்வு கேட்பதைவிட அதிகம் தரும்.

ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிறைவடைந்துவிடவும் கூடாது. 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், இருபது ஓவர் போட்டிக்கு 3 லட்சம். ஆனால் 2022-23ஆம் ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி, பெண்களின் உச்சத் தொகை 50 லட்சம். ஆட்ட எண்ணிக்கையும் பெண்களுக்குக் குறைவு. அலுவலகங்களிலும் அடிப்படைச் சம்பளம் சமமாக இருக்க, போனஸிலும் கூடுதல் நேரப் படியிலும் வெளியூர்ப் பயணப் படியிலும் இடைவெளி விழுவது வழக்கம்.

பெரிய நிறுவனத்தில் இருப்பவர்களுக்குப் பலரும் அறியாத ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிப்படி, ஆண்டறிக்கையுடன் பொறுப்புடைமை மற்றும் நிலைத்தன்மை அறிக்கை ஒன்றையும் வெளியிட வேண்டும். அதில் மனித உரிமைகளைப் பற்றிய ஐந்தாம் கோட்பாட்டின் கீழ், ஆண் ஊழியர்களுக்கும் பெண் ஊழியர்களுக்கும் தனித்தனியே, சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை தரப்பட்டிருக்கும். நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பெண்களின் நடுத்தொகை மிகவும் தாழ்ந்திருந்தால், மேல்பதவிகளில் பெண்கள் குறைவு என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். எனவே அதை முடிவாகக் கொள்ளாமல், கேள்வி கேட்பதற்கான தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

இதற்கு மேல் மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் “உங்களுக்கு எவ்வளவு?” என்றால் பலரும் நழுவுவார்கள். முதலில் உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்; பிறகு துல்லியமான தொகையைக் கேட்காமல் வரம்பைக் கேளுங்கள். “சார், ஐந்து வருட அனுபவத்தோடு இந்தப் பொறுப்பில் எனக்கு ஏழு லட்சம் வருகிறது. இந்தக் கிரேடுக்கு இங்கே எதிலிருந்து எது வரை கொடுக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். கண்டிப்பாக ஆண்களிடமும் கேளுங்கள். பெண்கள் பெண்களிடம் மட்டும் விசாரித்தால், எல்லோருக்கும் ஒரே அளவில் குறைந்திருப்பதையே நியாயமான விலை என்று நம்பிவிட நேரும். அண்மையில் அதே நிறுவனத்தை விட்டுச் சென்றவர்கள் இன்னும் தயக்கமின்றிப் பேசுவார்கள்.

கேட்பதற்கு முன் உங்கள் பணி நியமனக் கடிதத்தை ஒருமுறை படியுங்கள். சம்பளத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், எழுத்தில், அதிலும் அலுவலக மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுவிலும், எதையும் பகிராதீர்கள். மற்றவர் நம்பிச் சொன்ன தொகையை அவர் பெயரோடு மேலதிகாரியிடம் கொண்டுபோகவும் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த பெண்ணுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வேலை மாறும்போது ‘இப்போதைய சி.டி.சி.’ என்ற கட்டம் பெண்களுக்குப் பெரிய பொறி. குழந்தைப்பேற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்டுத் திரும்புபவர் பழைய சம்பளத்தின் மேல் சதவீதக் கணக்கில் உயர்வு கேட்டால், பழைய குறைவு அப்படியே புதிய இடத்துக்கும் வந்துவிடும். “இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?” என்று நீங்கள் முந்திக்கொண்டு கேளுங்கள். பழைய தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் உண்மையையே சொல்லிவிட்டு, எதிர்பார்க்கும் தொகையைச் சந்தை நிலவரத்தை வைத்துச் சொல்லுங்கள்.

இருக்கும் இடத்திலேயே குறைவு என்று தெரிந்தால், அப்ரைசலுக்கு ஓரிரு மாதம் முன்பே மேலாளரிடம் பேசுங்கள். பட்ஜெட் முடிந்த பிறகு பேசிப் பயனில்லை. வீட்டுச் செலவையும் கடனையும் காரணம் காட்டாமல், செய்த வேலையையும் அந்தப் பொறுப்புக்கான வரம்பையும் மட்டும் முன்வையுங்கள். பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அதற்கும் பலனில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு பாலின அடிப்படையில் ஊதியத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது; மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சமப்படுத்துகிறேன் என்று சொல்லி இன்னொருவரின் சம்பளத்தைக் குறைக்கவும் நிறுவனத்துக்கு உரிமையில்லை. உங்களிடம் பேசத் தயங்கும் ஆண் சக ஊழியருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு தருவது நிறுவனத்தின் கடமை. குறைவாகக் கொடுத்ததாகப் புகார் வந்தால், சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. தொகை கோரி விண்ணப்பிக்க மூன்றாண்டு கால வரம்பு உண்டு. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் மனு கொடுப்பது என்று சொல்வார்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், உயர்வுக் கடிதங்கள், வருமான வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 ஆகியவற்றின் நகல்களைச் சொந்த மின்னஞ்சலிலும் ஒரு கோப்பிலும் இன்றே சேர்த்து வையுங்கள். அலுவலகக் கணினியில் மட்டும் இருப்பவை வேலையை விடும் நாளிலேயே கைவிட்டுப் போய்விடும்.