கீமோ நேரத்தில் நகச்சுத்து வந்தால் எலுமிச்சம்பழம் செருகாதீர்கள்

புற்றுநோய்க்குக் கீமோ என்றால் முடி கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நகமும் பாதிக்கப்படும் என்பதைப் பலர் அது கறுத்து வலிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மருந்து தாக்குகிறது. நகம் முளைக்கும் வேரிலும் அந்தச் செல்கள்தான். பேக்லிடாக்செல், டோசிடாக்செல் என்ற கீமோ மருந்துகள் ஏறுபவர்களுக்குத் தொல்லை அதிகம். நகத்தில் குறுக்கே பள்ளம் விழும், சிலருக்கு நகமே சதையைவிட்டுக் கிளம்பும்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகுவது. அன்போடு செய்வதுதான், ஆனால் இப்போது வேண்டவே வேண்டாம். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கீமோவால் குறைந்திருக்கும் உடம்பில், விரலோரத்துச் சின்னச் சீழ் ரத்தம் வரைக்கும் போய்விடலாம். பழச்சாறு ஊறிய தோல் மேலும் புண்ணாகும். மஞ்சள், சுண்ணாம்பு பற்றும் வேண்டாம். ஊசியால் குத்திச் சீழ் எடுக்கவும் கூடாது. சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

கிளம்பிய நகத்தைப் பிடுங்கி எடுக்கத் தோன்றும். தொங்கும் ஓரத்தை மட்டும் நகவெட்டியால் கத்தரித்துவிட்டு, மீதியைச் சுத்தமான துணிக்கட்டுக்குள் பத்திரமாக விடுங்கள். பிளேடு வேண்டாம். நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலையும் வெட்டாதீர்கள், கிருமியை உள்ளே விடாமல் தடுக்கும் கதவு அதுதான்.

பாத்திரம் தேய்ப்பதை வேறு யாராவது செய்யட்டும். முடியாவிட்டால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வேலை முடிந்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அப்புறம், நகத்தில் மருதாணியும் அடர்நிறப் பாலிஷும் கொஞ்ச நாள் வேண்டாம். நகம் நிறம் மாறுவதைக் கண்ணுக்கு மறைத்துவிடும்.

மருந்து ஏறும்போது விரல்களைக் குளிரில் வைத்தால் நகம் தப்பும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டோசிடாக்செலுக்கு உறைகுளிர்க் கையுறை உதவுவது உண்மைதான். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரர் செய்கிறார் என்று நீங்களும் ஐஸ் கட்டியைப் பிடிக்காதீர்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து ஏறுபவருக்குக் குளிர் பட்டாலே விரல் மரத்துக் குத்தும். உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புது நகம் வர 6 மாதம் ஆகும், கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். அதுவரை கால்விரலை நசுக்காத செருப்பாகப் போடுங்கள்.