தண்டர்பேர்ட் மெயிலைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

பத்தமடையில் பாய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கிப் படிக்க உதவும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில்தான் அவர் மெயில் பார்ப்பது. பழையது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறவும் இல்லை. புதுப்பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, மெயிலெல்லாம் அப்படியே வந்துரும்லா?"

அவர் கவலை நியாயமானது. கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை, பெண் பெயரை எப்படி நெய்ய வேண்டும் என்று மெயிலில்தான் அனுப்புகிறார்கள். ஓர் எழுத்து பிசகினால் நாள்கணக்கில் நெய்த பாய் வீண். அக்கா கல்யாணத்துக்கு நெய்த அதே கரை, அதே நிறம் வேண்டும் என்று வருஷம் கழித்துத் தங்கைக்குக் கேட்டு வருபவர்களும் உண்டு. அந்தப் பழைய மெயில் இல்லையென்றால் கடையின் பாதி ஞாபகம் போய்விடும். அவருக்குச் செய்துகொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். நிதானமாகச் செய்தால் யாருக்கும் வரும்.

உங்கள் மெயில் எங்கே இருக்கிறது?

எதையும் காப்பி செய்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், செர்வர் செட்டிங்ஸைத் திறந்தால் செர்வர் டைப் என்று ஒரு வரி இருக்கும். அங்கே ஐமேப் என்று இருந்தால் உங்கள் மெயில் செர்வரில், அதாவது மெயில் சேவை தரும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நகல்தான். புதுப்பெட்டியில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தாலே அந்த மெயில் தானாக இறங்கிவிடும். ஆனால் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற பகுதிக்குள் நீங்கள் இழுத்துப் போட்டு வைத்தவை இறங்காது, அவை கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும்.

பாப் என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பாப் கணக்கு மெயிலைச் செர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும். செர்வரில் ஒரு பிரதியை விட்டுவை என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், இறக்கிய மெயில் உலகத்தில் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. அண்ணாச்சியுடையது பாப். அவரைப்போல் பழைய ஆட்கள் பலருக்கும் பாப்தான்.

அதே பக்கத்தில் லோக்கல் டைரக்டரி என்று ஒரு பாதை காட்டும். அது சி டிரைவில் ஆரம்பித்தால் சரி. டி டிரைவில் ஆரம்பித்தால், முன்பு யாரோ மெயிலைத் தனியாக அங்கே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் பக்கம் சர்வீஸ் செய்பவர்கள், ஃபார்மட் போட்டாலும் போகாமல் இருக்கட்டும் என்று இப்படி வைப்பது உண்டு. அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். புதுப்பெட்டியிலும் அதே எழுத்துள்ள டிரைவில், அதே பாதையில் வைத்துவிட்டால் எதையும் திருத்த வேண்டியதில்லை.

பழைய பெட்டியில் செய்ய வேண்டியது

முதலில் தண்டர்பேர்டை அப்டேட் செய்யுங்கள். புதுப்பெட்டியில் இருக்கும் பதிப்பு பழையதற்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். புதுப் பதிப்பில் ஓடிய தரவைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும்.

அப்புறம், மூன்று கோடு போட்ட மெனுவை அழுத்தி ஹெல்ப், அதற்குள் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன். வரும் பட்டியலில் ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே ஓபன் ஃபோல்டர் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை முழுக்க மூடிவிடுங்கள். மூடாமல் காப்பி எடுத்தால் பாதி எழுதிய கோப்புகள் வந்து சேரும்.

இந்த ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்தான் எல்லாம் இருக்கிறது: கணக்கு விவரம், பாஸ்வேர்டு, முகவரிப் புத்தகம், ஃபில்டர், மெயில். மெயில் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் செர்வர் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் இன்பாக்ஸ் என்ற பெயரில், புள்ளி வைத்த பின்னொட்டு எதுவும் இல்லாமல் ஒரு கோப்பு தெரியும். அந்த ஒரே கோப்பில் உங்கள் இன்பாக்ஸ் மெயில் அத்தனையும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று. அது வெறும் அட்டவணை. தொலைந்தாலும் தண்டர்பேர்ட் திரும்ப எழுதிக்கொள்ளும்.

இப்போது ப்ரொஃபைல் ஃபோல்டருக்கும் ஒரு படி மேலே வந்து, எட்டு எழுத்துக் குழப்பமாக ஆரம்பித்து டீஃபால்ட் ரிலீஸ் என்று முடியும் ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி எடுங்கள். எது மெயில், எது வேண்டாதது என்று பொறுக்க வேண்டாம்.

அண்ணாச்சி வீட்டில் இங்கேதான் நின்றுபோனது. 32 ஜிபி பென்டிரைவ், அதில் கால்வாசிகூட நிறையவில்லை. ஆனாலும் கோப்பு ரொம்பப் பெரியது என்று செய்தி வந்து காப்பி நின்றுவிட்டது. "இடம்தான் கிடக்கே தம்பி" என்றார். கடையில் வாங்கும் பென்டிரைவ் பலவும் ஃபேட் 32 என்ற முறையில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அவருடைய இன்பாக்ஸ் கோப்பு மட்டும் 6 ஜிபிக்கு மேல். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஃபார்மட் செய்தால் அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும், பார்த்துக்கிடுங்கள்.

டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டித் தரும். புதுப்பெட்டியில் இம்போர்ட் கொடுத்தால் முடிந்தது. ஆனால் ப்ரொஃபைல் 2 ஜிபிக்குள் இருந்தால்தான் அது உதவும். கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த அளவு போதாது.

புதுப்பெட்டியில்

தண்டர்பேர்டை நிறுவி ஒருமுறை திறங்கள். புதுக் கணக்கு சேர்க்கச் சொல்லிக் கேட்கும். ஒன்றும் கொடுக்காமல் விடுங்கள். முன்பு செய்ததுபோலவே ஹெல்ப் வழியாக ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை மூடுங்கள். அந்த ஃபோல்டருக்குள் இருப்பவற்றை அழித்துவிட்டு, பழைய ஃபோல்டரின் உள்ளே இருப்பவற்றை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். ஃபோல்டரையே தூக்கி உள்ளே போட்டால் பெட்டிக்குள் பெட்டியாகிவிடும், தண்டர்பேர்ட் திறந்ததும் காலியாக நிற்கும். மெயில் போச்சே என்று பதறுபவர்களில் பலர் இந்த இடத்தில் தவறியவர்கள்தான். மெயில் எங்கும் போகவில்லை, ஒரு படி உள்ளே கிடக்கிறது.

சரி, இப்போது திறங்கள். பழைய பெட்டியில் இருந்த அதே திரை வர வேண்டும். ஜிமெயில் என்றால் ஒரு சின்ன ஜன்னல் வந்து மறுபடி உள்நுழையச் சொல்லலாம். வழக்கமாக உள்நுழைவதுபோல் கொடுத்து அனுமதி தாருங்கள். ஏதாவது ஒரு ஃபோல்டரில் பட்டியல் கலைந்தோ காலியாகவோ தெரிந்தால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் ரிப்பேர் ஃபோல்டர்.

சரிபார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்

நானும் அண்ணாச்சியும் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்பாக்ஸ், சென்ட் எண்ணிக்கையை ஒப்பிட்டோம். பிறகு ரொம்பப் பழைய மெயில் ஒன்றைத் தேடி, அதனோடு வந்த பாய்க் கரைப் படத்தைத் திறந்து பார்த்தோம். சோதனை மெயில் ஒன்று அனுப்பி, பதில் வரவைத்தோம். மெயிலின் அடியில் தானாகச் சேரும் கையொப்பம் மட்டும் வரவில்லை. அது பழைய பெட்டியில் வேறொரு ஃபோல்டரில் தனிக் கோப்பாக இருந்தது. அந்தக் கோப்பைக் கொண்டுவந்து பாதையை மாற்றியதும் வந்துவிட்டது.

2000-ஐ ஒட்டிய தமிழ் மெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டிஸ்கி போன்ற முறைகளில் எழுதிய மெயில்கள், அதற்கான எழுத்துரு இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். பழைய பெட்டியில் இருக்கும் அந்த எழுத்துருவையும் கையோடு எடுத்து வாருங்கள்.

பாப் கணக்குக்காரர்கள் பழைய பெட்டியில் தானாக மெயில் எடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டும் மாற்றி மாற்றி இறக்கினால் பாதி ஆர்டர் இங்கே, பாதி ஆர்டர் அங்கே என்று சிதறிவிடும்.

தண்டர்பேர்டுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் பழைய கிளாசிக் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு வேலை வேறு. பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத்தான் அங்கே எடுக்க வேண்டும். பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். கணக்கு அமைப்பு அதில் வராது. புதுப்பெட்டியில் கணக்கைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, ஃபைல் மெனு வழியாக அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும்.

பழைய பெட்டியை என்ன செய்வது?

ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மெயில் வந்ததா என்று பார்ப்பதற்குள் பழையதை ஃபார்மட் போட்டுவிட்டார்கள், பல வருஷக் கணக்கு போனது போனதுதான். காப்பி எடுத்ததை இன்னொரு டிஸ்கிலும் போட்டு, வேறு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததை நாம் பார்த்தோமே, கம்ப்யூட்டரும் அதன் காப்பியும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். அண்ணாச்சியின் டிஸ்க் பாளையங்கோட்டையில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறது.

பென்டிரைவைப் பற்றி ஒன்று. ப்ரைமரி பாஸ்வேர்டு என்று ஒன்றை நீங்கள் தனியாக வைத்திருக்காவிட்டால், அந்த ப்ரொஃபைல் ஃபோல்டர் கையில் கிடைத்த யாரும் உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். வேலை முடிந்ததும் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். அதுவரை பீரோ சாவியோடு சாவியாக வைத்திருங்கள்.