தொடுபுள்ளி கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள்

இரண்டாமாண்டு மாணவர்களின் நுண்ணினப் பொருளியல் விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம், நான் மாணவனாக எழுதிய தாளே மீண்டும் என் மேசைக்கு வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அச்சுகளுக்குப் பெயரிட மறப்பது, கூட்டல் கழித்தல் குறியைத் தவறவிடுவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை. திரும்பத் திரும்ப வரும் மூன்று தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தொடுநிலை நிபந்தனையைக் கண்மூடி நம்புவது

இறுதிநிலைப் பதிலீட்டு வீதத்தை, அதாவது ஒரு பொருளில் ஓர் அலகு கூடுதலாகப் பெற நுகர்வோர் மற்றதில் எவ்வளவு விட்டுத்தரத் தயார் என்பதை, விலை விகிதத்துக்குச் சமன்படுத்தினால் (இதுவே தொடுநிலை) உத்தம நிலை கிடைத்துவிடும் என்று மனப்பாடம் செய்தவர்கள், எந்தப் பயன்பாட்டுச் சார்பைக் (பொருட்களின் அளவிலிருந்து மனநிறைவைக் கணக்கிடும் சூத்திரம்) கண்டாலும், வருமான வரம்புக்குள் உச்சம் காணும் கருவியான லக்ராஞ்ச் பெருக்கியைக் கையில் எடுக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலும் காப்-டக்ளஸ் சார்பே (அளவுகளின் அடுக்குகளைப் பெருக்கி வரும் சார்பு) வருவதாலும், அதில் இந்த வழி தவறாமல் பலிப்பதாலும் பழக்கம் அங்கேயே கெட்டுவிடுகிறது.

பயன்பாடு, ‘அ’ பொருளின் அளவுக்குரிய இயல்மடக்கையுடன் ‘ஆ’ பொருளின் அளவைக் கூட்டியதற்குச் சமம் என்க. ‘அ’வின் விலை 1 ரூபாய், ‘ஆ’வின் விலை 10 ரூபாய், வருமானம் 5 ரூபாய். தொடுநிலையின்படி ‘அ’ 10 அலகு. அப்படியானால், கையில் 5 ரூபாய் மட்டுமே இருப்பதால், ‘ஆ’ −0.5 அலகு. தேர்வில் நான் இதையே எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் இட்டேன். “அரை அலகைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாயா?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார் ஆசிரியர். பத்து மதிப்பெண் போனது.

சரியான விடை, ‘அ’ 5 அலகு, ‘ஆ’ பூச்சியம். அந்த நிலையில் கடைசி ரூபாய் ‘அ’வில் 0.2 பயன்பாட்டையும் ‘ஆ’வில் 0.1 பயன்பாட்டையும் தருவதால், ‘ஆ’வின் பக்கம் நகர நுகர்வோருக்குக் காரணமே இல்லை. ஒரு பொருளின் அளவு பூச்சியமாகிவிடும் இத்தகைய மூலைத் தீர்வுகளைக் கையாளும் நிபந்தனைகளைக் கணிதவியலாளர்களான கூன், டக்கர் இருவரும் 1951இல் வெளியிட்டனர். காருஷ் என்ற இன்னொரு கணிதவியலாளர் 1939இலேயே தம் முதுகலை ஆய்வேட்டில் அவற்றை எழுதி வைத்திருந்தார். இவ்வளவு பழைய விஷயத்தை இன்றும் பாதித் தாள்களில் காணோம் என்பதுதான் எரிச்சல்.

இடது செருப்பு, வலது செருப்பு போன்ற நிரப்புப் பொருட்களுக்குச் சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு பயன்பாடு தரும் பொருட்தொகுப்புகளை இணைக்கும் கோடு) முறிந்து நிற்கும்; அந்த முனையில் ஒரே சரிவு இல்லாததால் வகையிடவே முடியாது. வளைகோடு வெளிப்புறம் குவிந்திருந்தால், வளைகோடு வரவுசெலவுக் கோட்டைத் தொடும் புள்ளி, அந்தக் கோட்டின் மீதே மிகக் குறைந்த பயன்பாட்டைக் காட்டும். ஆகவே முதலில் படம் வரைந்து, பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

ஹிக்ஸையும் ஸ்லட்ஸ்கியையும் கலப்பது

விலை மாற்றத்தின் விளைவைப் பதிலீட்டு விளைவு, வருமான விளைவு எனப் பிரிக்க இந்தப் பொருளியலாளர்கள் இருவருக்கும் தனித்தனி முறை உண்டு. முன்னவர் பழைய பயன்பாட்டு மட்டத்தைக் காக்கிறார். பின்னவர் பழைய பொருட்தொகுப்பை வாங்கும் சக்தியைக் காக்கிறார். யாருடைய முறை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

நட்டம் என்றதும் நிறுவனத்தை மூடுவது

குறுகிய காலத்தில் விலையைச் சராசரி மாறும் செலவோடு (உற்பத்தி அளவோடு கூடிக் குறையும் செலவு, ஓர் அலகுக்கு) ஒப்பிடுக; விலை அதை ஈடுகட்டும்வரை, நட்டம் என்றாலும் மூட வேண்டியதில்லை.