கோயிலுக்குப் போகலாம், மாத்திரையை விட வேண்டாம்

மனநோய்க்கு மருந்தா, மந்திரமா என்ற வாக்குவாதம் வீட்டில் ஓயாது. நோயாளியைத் திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைப்பதென்று பெரியவர்கள் தீர்மானித்துவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் மருத்துவரிடம் சொல்லி, தங்கும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். சீட்டைப் படமெடுத்து வையுங்கள். மனச்சிதைவு மாத்திரையை "சாமி பார்த்துக்கும்" என்று நிறுத்தினால் நோய் பெரும்பாலும் உடனே திரும்பாது; அந்த இடைவெளிதான் குணமாகிவிட்டதென்று ஏமாற்றும்.

லித்தியம் (இருதுருவ மனநோய்க்குத் தரும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு உப்பில்லா விரதம் கூடவே கூடாது. உப்பும் தண்ணீரும் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். கை நடுக்கம் கூடி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரை தராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். விபூதி, தீர்த்தம் தாராளமாக. லேகியம், பொடி என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

சங்கிலி மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டிப்போட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. 2017 மனநலச் சட்டமும் சங்கிலியைத் தடை செய்கிறது. நிலைமை கைமீறினால் 108. ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.